பனி உருகும் நாடும் நம் கடற்கரையும்

வேளாங்கண்ணித் திருத்தலத்திற்குத் தெற்கே, அதே கடலோரத்தில் அமைந்துள்ளது கோடியக்கரை. குளிர்காலத்தில் அதன் சேற்று நிலங்களில் கொசு உள்ளான் என்னும் சிறு பறவை கூட்டங்கூட்டமாய் இரை தேடுவதைக் காண்கிறோம். உள்ளங்கைக்குள் அடங்கும் உருவம். எடையோ ஏறத்தாழ 25 கிராம். கோடை பிறக்குமுன் வடக்கே பறந்து மறையும் இப்பறவை எங்கே கூடு கட்டுகிறது?

இவ்வினா சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பிய அறிஞரை அலைக்கழித்தது. விடை தேடி 1875ஆம் ஆண்டு மார்ச் மாதம் இருவர் புறப்பட்டனர். ஒருவர் ஷெஃபீல்டு நகரின் எஃகுத் தொழிலதிபர் ஹென்றி சீபோம். மற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஹார்வி-பிரவுன். ருஷ்யாவின் வடகோடியில் பாயும் பெச்சோரா ஆறே அவர்கள் நாடிய இடம். பனிச்சறுக்கு வண்டியில் நெடுந்தொலைவு கடந்து, ஏப்ரலில் ஊஸ்த்-சில்மா என்னும் ஆற்றங்கரை ஊரை அடைந்தனர். ஆறு உறைந்து கிடந்தது. காத்திருப்பதன்றி வேறு வழியில்லை. மே மாதத்தில் பனிக்கட்டி பெருமுழக்கத்துடன் உடைந்து நகர்ந்தது. தெற்கிலிருந்து வாத்துகளும் அன்னங்களும் உள்ளான்களும் வந்து சேர்ந்தன.

பின்னர் ஆற்றின் முகத்துவாரத்தை நோக்கிப் படகில் சென்றனர். மரமற்ற தூந்திர வெளியில், கொசுக்கள் மொய்க்க, கதிரவன் மறையாத நாள்களில், சாம்பல்நிற உப்புக்கொத்தியின் கூடுகளையும் கொசு உள்ளானின் கூடுகளையும் கண்டனர். கூட்டுக்கு நான்கு முட்டைகள். ஆனால் வளைமூக்கு உள்ளானின் கூடு அவர்களுக்கு அகப்படவில்லை. அதன் முட்டைகளை யெனிசேய் ஆற்று முகத்துவாரத்தில் 1897இல் பாப்ஹம் என்னும் ஆங்கிலேயர் கண்டெடுத்தார்.

இங்கே நம் மனம் சற்றுத் தயங்குகிறது. முட்டை எப்பறவையினது என்று உறுதிசெய்ய, அடைகாத்த தாய்ப்பறவையையே சுட்டு வீழ்த்துவது அந்நாளைய வழக்கம். மனிதனை அஞ்சாது கூட்டருகே நின்ற சிற்றுயிர்கள் துப்பாக்கிக்கு இரையாயின. அவர்கள் கொடியவர் அல்லர், பறவைகளை நேசித்தவர்களே. எனினும் அறிவதற்காக அழித்தனர்.

வேறொரு வழியும் பிறந்தது. 1899இல் டென்மார்க்கின் ஆசிரியர் மார்ட்டென்சன், பறவைகளின் கால்களில் எண் பொறித்த அலுமினிய வளையங்களை இட்டுப் பறக்கவிடலானார். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் கோடியக்கரையில் பல்லாண்டுகளாகப் பின்பற்றியதும் இம்முறையே. பிடித்தவன் விட்டுவிடவும் கற்றுக்கொண்டான்.

வானத்துப் பறவைகளைக் கவனித்துப் பார்க்கும்படி நம் ஆண்டவர் பணித்தார். இன்று வடதுருவம் உலகின் பிற பகுதிகளைவிட விரைவாக வெப்பமடைகிறது. கோடியக்கரைக்கு வரும் கரைப்பறவைகளும் முன்னைவிட வெகுவாகக் குறைந்துவிட்டன. துப்பாக்கி ஏந்தாத நாமும், புகையாலும் கழிவாலும் அக்கூடுகளைத் தொடுகிறோம். சீபோமைக் குறைகூறுமுன் நம் கைகளையும் பார்த்துக்கொள்வோம். தந்தையின் கண்ணுக்குத் தப்பாத அச்சிறு பறவை, அடுத்த குளிர்காலத்திலும் நம் கரையை நம்பியே வரும்.