குதிரைக்குக் கூழ், கூலிக்குக் கஞ்சி: நோயுற்ற குதிரையின் உணவு பற்றிய ஒரு சமூக வரலாற்று நோக்கு

கண்டியிலிருந்து மகியங்கனை நோக்கிச் செல்லும் வீதியில் அமைந்துள்ள ஹுன்னஸ்கிரிய, 19ஆம் நூற்றாண்டில் கோப்பிப் பயிர்ச்செய்கைக்குப் பெயர்பெற்ற மாவட்டங்களுள் ஒன்றாக விளங்கியது. இன்று அங்கே கோப்பித் துரைமாருமில்லை, அவர்கள் ஏறித்திரிந்த குதிரைகளுமில்லை. எனினும் மத்திய மலைநாட்டின் வீதியோரங்களில் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் கினிப்புல் அக்காலத்தின் எச்சமாகும். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இப்புல், ஆங்கிலேயரின் குதிரைகளுக்குத் தீனியாகவே 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தீவுக்குக் கொண்டுவரப்பட்டது. குதிரைக்கு வேண்டிய புல்லைக் கண்டம் கடந்து கொணர்ந்த ஒரு சமூக அமைப்பு, அக்குதிரையைப் பேணிய மனிதனுக்கு என்ன கொடுத்தது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்ப விழையும் வினாவாகும். நோயுற்ற குதிரையின் உணவை இவ்வினாவுக்கான அளவுகோலாகக் கொள்வோம். உழைக்கும் விலங்குக்குத் தீனி இடுவது எவரும் செய்வதே. உழைக்கவியலாத நிலையில் அதற்கு என்ன இடப்படுகிறது என்பதிலேதான் ஒரு சமூகத்தின் கணக்கு வெளிப்படுகிறது.

முதலில் விலங்கின் இயல்பை நோக்குதல் வேண்டும். குதிரையின் உடற்பருமனோடு ஒப்பிடுகையில் அதன் இரைப்பை சிறியது. உண்டதை அதனால் வாந்தியெடுக்கவும் இயலாது. புல்லின் நாரைப் பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களே நொதிக்கச் செய்து சத்தாக்குகின்றன. தானியத்தை அளவு மீறி இட்டால், செரியாத மாப்பொருள் பெருங்குடலை அடைந்து அமிலமாகிக் கடும் வயிற்றுவலியையும் குளம்பழற்சியையும் தோற்றுவிக்கும். பட்டினியால் மெலிந்த குதிரைக்குத் திடீரெனத் தானியம் கொடுத்தல் மேலும் ஆபத்தானது. குருதியிலுள்ள பொசுபரசு முதலிய உப்புகள் சரிந்து, சில நாட்களில் இதயமும் சுவாசமும் தளர்ந்து விலங்கு மடியக்கூடும். எனவேதான் மெலிந்த குதிரைக்குக் குதிரைமசால் போன்ற உலர்தீனியைச் சிறுசிறு அளவில் பலமுறை கொடுத்து, பத்து நாளளவில் படிப்படியாக உயர்த்துமாறு இன்றைய கால்நடை மருத்துவம் அறிவுறுத்துகின்றது. வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்த குதிரைக்கும் முதலில் நீர், பின்னர் கைப்பிடியளவு புல் என்பதே முறை. சுருங்கக் கூறின், நோயுற்ற குதிரைக்கு வேண்டியது விலையுயர்ந்த உணவன்று. நாள் முழுதும் அருகிருந்து, அதன் வாயையும் வயிற்றையும் சாணத்தையும் கவனித்துச் சிறுகச்சிறுக ஊட்டும் ஒரு மனிதனின் உழைப்பே.

இவ்வுழைப்பை அரசு ஒழுங்குபடுத்தியமைக்குப் பழைய சான்று அர்த்தசாத்திரத்தின் குதிரை அதிகாரி பற்றிய பகுதியாகும். ஈன்ற குதிரைக்கு மூன்று நாட்கள் ஒரு பிரத்தம் நெய், அடுத்த பத்து நாட்கள் மாவும் மருந்து கலந்த நெய்ப்பானமும், அதன்பின்னரே அவித்த தானியமும் புல்லும் என அந்நூல் படிமுறை வகுக்கின்றது. விலங்கின் மெலிவையும் பெருக்கத்தையும் கவனித்துப் பருவத்துக்கேற்ப உணவை மாற்றுதல் வைத்தியரின் கடமை. சிகிச்சைக் குறையால் நோய் முற்றினால் செலவின் இருமடங்கும், விலங்கு இறந்தால் அதன் விலையும் தண்டமாகும். தலைசிறந்த குதிரையின் நாளுணவாக இரண்டு துரோணம் தானியத்தை விதிக்கும் அதே நூல், உயர்குடி ஆணொருவனுக்கு ஒரு பிரத்தம் அரிசியை விதிக்கின்றது. துரோணத்துக்குப் 16 பிரத்தமாதலின், குதிரையின் பங்கு 32 மடங்காகின்றது. குதிரையின் உடல் மனித உடலிலும் ஏறத்தாழ எட்டு மடங்கு பெரிது என்பதைக் கழித்த பின்னரும் எஞ்சும் வேறுபாடு, படைக்குதிரை அரசின் மூலதனம் என்பதையே உணர்த்துகின்றது.

தமிழகத்தில் இம்மூலதனம் கடல்வழி வந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டைக் கண்ட மார்க்கோ போலோவும், அடுத்து எழுதிய பாரசீக வரலாற்றாசிரியர் வசாபும் இங்கு குதிரைகள் பெருந்தொகையாக மடிந்தமையைக் குறிப்பிடுகின்றனர். சோற்றுடன் இறைச்சி கலந்து ஊட்டியதாக முன்னவரும், வறுத்த வாற்கோதுமையும் வெண்ணெயிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் கொடுத்ததாகப் பின்னவரும் கூறுவர். இவற்றைக் கொண்டு, தமிழருக்குக் குதிரை பேணத் தெரியாது என முடிவுகட்டுதல் எளிது. ஆனால் அச்சான்றுகளே வேறொன்றையும் சொல்கின்றன. குதிரை வைத்தியர் பாண்டி நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர்களே தடுத்தனர் என்கிறார் மார்க்கோ போலோ. குதிரையொன்றுக்கு 220 பொன் தினார் விலை. பயணத்தில் இறந்த குதிரைக்கும் விலை கொடுக்கப்பட வேண்டும் என்பது உடன்பாடு என்கிறார் வசாபு. குதிரை மடியும்தோறும் இலாபம் பெருகும் வணிகத்தில் அறியாமையும் ஒரு விற்பனைப் பண்டமே எனலாம். இவ்விலை கோயில்களின் வருவாயிலிருந்தும், கோயில்களைச் சார்ந்த பெண்கள் மீதான வரியிலிருந்தும் செலுத்தப்பட்டதாகவும் வசாபு எழுதுகின்றார். குதிரை வாங்கக் கொடுத்த அரச பொருள் கோயிலுக்குச் செலவாகியதையும், வந்த பரிகள் ஓரிரவில் நரிகளாகி ஏனைய குதிரைகளைக் கடித்துக் கொன்றதையும் கூறும் மாணிக்கவாசகர் கதையை நாம் இப்பின்னணியிலும் வாசித்தல் தகும். காலையில் லாயத்தைத் திறந்தால் பொன் பிணமாகிக் கிடக்கும் அனுபவம் அக்கதையைக் கேட்டோருக்குப் புதியதாயிருந்திராது.

கண்டி இராச்சியத்தில் குதிரை அரிதான அரச சின்னம். பாரசீகக் குதிரைகளை ஒல்லாந்தர் கண்டி மன்னருக்குப் பரிசாக அனுப்பினர். சந்தையில் வாங்கிய கூலியுழைப்பாலன்றிச் சாதிவழிச் சேவையாலேயே இவை பேணப்பட்டன. அரச விலங்குகளுக்குப் புல்லறுக்கும் கடமை பன்னயோ என்னும் தாழ்த்தப்பட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்டிருந்தது. கோல்புறூக் விதப்புரைகளையடுத்து 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது இக்கடமையும் சட்டப்படி நீங்கியது. புல்லறுக்கும் கை விடுதலை பெற்றது. புல்லறுக்கும் வேலை ஒழியவில்லை. அவ்வேலையை அடுத்து ஏற்றோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்களாவர்.

கோப்பித் துரை தோட்டத்தைச் சுற்றிப்பார்க்கவும் கண்டிக்குச் செல்லவும் குதிரை இன்றியமையாததாக இருந்தது. துரையின் சம்பளத்தோடு குதிரைப்படியும் தோட்டக் கணக்கில் இடம்பெற்றது. குதிரைக்காரர் என வழங்கப்பட்ட தமிழ்த் தொழிலாளி, துரை ஏறிச்செல்லக் குதிரையோடு கால்நடையாக ஓடினார். திரும்பிவந்து உடல் தேய்த்து, கொள்ளை ஊறவைத்தும் அவித்தும் ஊட்டினார். குதிரை நோயுற்றால், ஆங்கிலேய லாய வழக்கப்படி வெந்நீரில் ஊறிய தவிட்டுக்கூழ் கொடுக்கப்பட்டது. தவிட்டில் பொசுபரசு மிகுதி, கல்சியம் குறைவு. நெடுநாள் கொடுத்தால் எலும்பு நலிவுறும் என்பதை இன்று நாம் அறிவோம். எவ்வாறாயினும் நோயுற்ற குதிரைக்கென ஒரு தனியுணவும், அதைக் காய்ச்ச ஓர் ஆளும், அதற்கான செலவுக் கணக்கும் இருந்தன என்பதே இங்கு கருதத்தக்கது.

அதே மலைக்கு மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த தொழிலாளருக்கு இவை எவையும் இருக்கவில்லை. 1840களில் வழியிலும் தோட்டங்களிலும் 70,000 பேரளவில் மடிந்தனர் என 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை மதிப்பிட்டது. அத்தொகை பற்றி விவாதமிருக்கலாம். மரணங்கள் பெருந்தொகையின என்பதில் விவாதமில்லை. கோப்பி மாவட்டங்களில் தொழிலாளருக்கு மருத்துவ வசதி செய்வதற்கான கட்டளைச்சட்டம் 1872இலேயே வந்தது. அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே, 1869இல், கோப்பிச் செடியின் இலைநோய் ஆராய்ச்சிக்குரிய பொருளாகிவிட்டிருந்தது. குதிரைக்கும் செடிக்கும் விலையுண்டு. அவை இறந்தால் முதலாளியின் கைப்பொருள் இழப்பாகும். தொழிலாளி இறந்தால் கங்காணி இன்னொருவரை அழைத்துவருவார். கடனோ குடும்பத்தின் தலையில் நிற்கும். இங்கு நாம் காண்பது தனித்தனித் துரைமாரின் கொடூரமன்று, உற்பத்தி உறவுகளின் தருக்கமாகும். குதிரையை அன்போடு பேணிய துரையும் இத்தருக்கத்துக்கு உட்பட்டவரே.

விலங்குக்கு அளித்த பராமரிப்பு மிகை என்பது நமது வாதமன்று. விலை போனால் குதிரைக்கும் இதே கதிதான். ஒல்லாந்தர் காலத்தில் குதிரை வளர்க்கப்பட்ட நெடுந்தீவில், இன்று எவருக்கும் உடைமையாகாத மட்டக்குதிரைகள் வறட்சியில் நீரும் புல்லுமின்றி மடிவது அண்மைக் காலத்திலும் செய்தியாகியுள்ளது. பராமரிப்பு உயிருக்கன்றி விலைக்கே அளிக்கப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

கொள்ளென்றால் வாயைத் திறக்கும், கடிவாளமென்றால் வாயை மூடும் எனக் குதிரையைப் பழிக்கும் பழமொழி நம்மிடமுண்டு. கொள்ளையும் கடிவாளத்தையும் ஒரே கை நீட்டுவதைக் குதிரை அறிந்திருந்தது என்பதே நாம் அதற்குக் கொள்ளும் பொருள். அக்கொள்ளை அவித்த குதிரைக்காரரின் அறிவு, எந்த அளவில், எந்த வேளையில், எவ்வாறு ஊட்டினால் நலிந்த விலங்கு எழும் என்னும் நுண்ணறிவு, துரைமாரின் நூல்களில் அவர் பெயரால் பதிவாகவில்லை. மலையக மக்களின் வாய்மொழி மரபிலும் குடும்ப நினைவுகளிலும் அதன் தடயங்களைத் தேடுதல் நமது ஆய்வாளரின் கடன். அன்று குதிரைக்கென வந்த கினிப்புல்லை இன்று தம் பசுக்களுக்கு அறுத்துச் சுமக்கும் தோட்டப் பெண்களிடமிருந்தே அத்தேடலைத் தொடங்கலாம்.