‘கெர்’ அல்ல, ‘கார்’: ஆறு முறை ஆஸ்காரைத் தவறவிட்ட டெபோரா

எழுத்தைப் பார்த்துப் படித்தால் ‘கெர்’ என்றுதான் வாயில் வரும். ஆனால், ஸ்காட்லாந்து நடிகை டெபோராவின் பெயரை ‘கார்’ என்றே உச்சரிக்க வேண்டும். அவரை ஹாலிவுட்டுக்கு அழைத்துக்கொண்ட எம்ஜிஎம் நிறுவனம், ‘ஸ்டார்’ என்ற சொல்லோடு இயையும் பெயர் என்று விளம்பரம் செய்தே அதை ரசிகர்களுக்குப் பழக்கியது.

1921-இல் கிளாஸ்கோவில் பிறந்தபோது அவர் டெபோரா ஜேன் டிரிம்மர். தந்தைவழிக் குடும்பத்தில் வழங்கிவந்த ‘கார்’ திரைக்காக எடுத்துக்கொண்டது. புதர் மண்டிய ஈரநிலத்தைக் குறிக்கும் பழைய நோர்ஸ் சொல்லே அதன் வேர் என்பர்.

‘பிளாக் நார்சிஸஸ்’ (1947) படத்தில் இமயமலைக் கன்னிமடத்தின் தலைவியாக வந்தவர், ‘ஃபிரம் ஹியர் டு எடெர்னிட்டி’ (1953) படத்தில் ஹவாய்க் கடற்கரைக் காதல் காட்சியால் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார்.

‘தி கிங் அண்ட் ஐ’ (1956) படத்தில் அவர் ஏற்ற ஆசிரியை அன்னா லியோனோவென்ஸ் நம் வட்டாரத்தில் வாழ்ந்தவர். சயாம் செல்லுமுன் சிங்கப்பூரில் பள்ளி நடத்தினார். அவருடைய கணவர் 1859-இல் பினாங்கில் இறந்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். படத்தில் டெபோராவுக்காகப் பெரும்பாலும் பாடிய குரல் மார்னி நிக்சனுடையது.

சிறந்த நடிகைக்கான ஆஸ்காருக்கு ஆறு முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒன்றுகூடக் கிட்டவில்லை. 1994-இல்தான் கௌரவ ஆஸ்கார் வந்தது. 2007-இல், 86 வயதில், இங்கிலாந்தில் காலமானார்.