கஸ்ஸான் கனஃபானி (1936–1972)

பாலஸ்தீன நாவலாசிரியர், சிறுகதையாளர், இதழாளர். ஆக்கர் துறைமுக நகரில் வழக்கறிஞர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1948 போரில் அகதியான குடும்பம் லெபனான் வழியாக டமாஸ்கஸ் சேர்ந்தது. அங்கே அகதிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். பிறகு குவைத்தில் ஆசிரியர் வேலை. 1960 முதல் பெய்ரூட்டில் பத்திரிகைத் தொழில். பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணியின் பேச்சாளராகவும், அதன் வார இதழான ‘அல்-ஹதஃப்’பின் ஆசிரியராகவும் இருந்தார். 1972 ஜூலை 8 அன்று காரில் வைக்கப்பட்ட குண்டுக்கு, சகோதரியின் இளவயது மகளோடு பலியானார்.

கட்சிப் பொறுப்பில் இருந்தவர் என்பதால் இவர் கதைகளையும் கட்சிக் குரலாகவே படிக்கும் வழக்கம் உண்டு. கதைகள் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எதிராளியை வசைபாடுவதைவிடத் தம் மக்களைக் குறுக்கு விசாரணை செய்வதில்தான் இவருக்கு அக்கறை. ‘வெயிலில் மனிதர்கள்’ (1963) நாவலில் பிழைப்புக்காக பஸ்ராவிலிருந்து குவைத்துக்குத் திருட்டுத்தனமாகப் போகும் மூன்று அகதிகள், சோதனைச் சாவடி வரும்போது தண்ணீர் லாரியின் காலி டேங்குக்குள் இறங்கி ஒளிகிறார்கள். எல்லை அலுவலகத்தில் அதிகாரிகள் ஒரு நடனக்காரியின் பேரைச் சொல்லி டிரைவரைக் கிண்டலடித்தபடி கையெழுத்தை இழுத்தடிக்கிறார்கள். ஆகஸ்ட் வெயிலில் இரும்பு கொதிக்க, மூவரும் உள்ளேயே சாகிறார்கள். டிரைவரும் பாலஸ்தீனர்தான். பிணங்களைக் குப்பைமேட்டில் போட்டுவிட்டு, அவர்களிடமிருந்த பணத்தையும் ஒருவனின் கைக்கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறான். ஏன் டேங்கைத் தட்டவில்லை என்று இறந்தவர்களிடமே கேட்கவும் செய்கிறான்.

பாதிக்கப்பட்டவர்கள் மீதே பழி போடுவதல்லவா இது என்று கேட்கலாம். நாவலில் பழி ஓரிடத்தில் நிற்பதில்லை: பேரம் பேசும் ஆள்கடத்திகள், குளிரூட்டிய அறையில் அரட்டையடிக்கும் அதிகாரிகள், பணமே குறியான டிரைவர் என எல்லோர் மீதும் விழுகிறது. ஆனாலும் அந்த மௌனம் உறுத்தியது. இயக்குநர் தவ்ஃபீக் ஸாலிஹ் 1972-இல் இந்த நாவலைப் படமாக்கியபோது, டேங்குக்குள் இருப்பவர்கள் தட்டுவதாகவே மாற்றிவிட்டார்.

‘ஹைஃபாவுக்குத் திரும்புதல்’ இன்னும் துணிச்சலானது. 1967 போருக்குப் பின் தம் பழைய வீட்டைப் பார்க்கப் போகும் தம்பதி, அங்கே குடியிருக்கும் போலந்து யூதப் பெண்ணைச் சந்திக்கிறார்கள். அவள் தந்தை ஆஷ்விட்ஸில் மாண்டவர். 1948 களேபரத்தில் இவர்கள் விட்டுவந்த குழந்தையை அவளே வளர்த்திருக்கிறாள். இப்போது அவன் இஸ்ரேலிய ராணுவ உடையில் வந்து நின்று, ஏன் விட்டுப் போனீர்கள் என்று பெற்றவர்களைக் கேட்கிறான். பிரசாரம் எழுதுபவர் இந்தக் கேள்வியை எதிர்த்தரப்பின் வாயில் வைக்கமாட்டார்.

‘உம்மு ஸஅத்’ (1969) இந்த வாதத்துக்கு முழுதாக அடங்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முகாமில் வாழும் உழைக்கும் தாய் ஒருத்தி அதில் கிட்டத்தட்ட லட்சிய உருவாகவே வருகிறாள்; மகன் போராளிகளோடு சேர்வது அவளுக்குப் பெருமை. கலையாக அது மெலிந்த நூல்தான். ஆனால் அங்கும் அரசியல் பாடம் சொல்லிக்கொடுப்பவள் அவள். கேட்டுக்கொண்டிருப்பவர், படித்தவரான கதைசொல்லி.