எண்ணிக்கை எல்லையும் சந்தை எல்லையும்: அமெரிக்கக் கணக்கெடுப்பு வரைபடங்களின் வணிகப் பயன்பாட்டு வரலாறு (1906–2000)

ஆய்வுச் சுருக்கம்

மக்களை எண்ணுவதற்காக அமெரிக்க அரசு வகுத்த சிற்றெல்லைகள், இருபதாம் நூற்றாண்டின் போக்கில் சந்தைப் பகுப்பாய்வின் அடித்தளமாயின. இம்மாற்றம் நிகழ்ந்த படிநிலைகளை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு பகுதியின் சராசரியை அங்கு வாழும் தனிமனிதரின் இயல்பாகக் கொள்ளும் அணுகுமுறை வணிகத்துக்கு வசதியாக அமைந்ததையும், அது கடன் மறுப்புக்குத் துணைபோனதையும், அதே எல்லைகள் பின்னர் அம்மறுப்பை மெய்ப்பிக்கும் சான்றாகப் பயன்பட்டதையும் இது எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, சிறுபகுதி எல்லை, புவியியல் தகவல் முறைமை, சந்தைப் பகுப்பாய்வு, சிவப்புக் கோடிடல்.

முன்னுரை

புதிய கடையை எங்குத் திறப்பது, விளம்பரத்தை எத்தெருவினருக்கு அனுப்புவது, வங்கிக் கிளையை எங்கே மூடுவது ஆகிய வினாக்களுக்கு இன்றைய நிறுவனங்கள் நிலவரைபட மென்பொருளின் துணைகொண்டே விடை காண்கின்றன. திரையில் வண்ணமிடப்படும் அப்பகுதிகளை வரைந்தவர் வணிகர் அல்லர். அவற்றுள் பெரும்பாலானவை, மக்களைத் தவறாது எண்ண வேண்டும் என்னும் நிர்வாகத் தேவையிலிருந்து பிறந்தவை. ஒரு நோக்கத்திற்காக வகுக்கப்பட்ட எல்லை வேறொரு நோக்கத்திற்குப் பயன்படும்போது அதனால் யார் பயனுறுகின்றனர், யார் விடுபடுகின்றனர் என்பது வரலாற்றாய்வுக்கு உரிய வினாவாகும். கணக்கெடுப்பு எல்லைத் தரவுகள் விரிவாக வணிகமயமான அமெரிக்காவை முன்வைத்து இவ்வினா இங்கு அணுகப்படுகிறது.

சிறுபகுதிகளின் தோற்றம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நகரங்களின் புள்ளிவிவரங்கள் ‘வார்டு’ வாரியாக வெளியிடப்பட்டன. வார்டு என்பது தேர்தலுக்குரிய எல்லை. அரசியல் தேவைக்கேற்ப அது மாறிக்கொண்டே இருந்தது. ஆகவே பத்தாண்டு இடைவெளியில் ஒரே இடத்தை ஒப்பிட்டுக் காண இயலாத நிலை நிலவியது. நியூயார்க் நகரத் திருச்சபைகளின் கூட்டமைப்பில் பணியாற்றிய வால்டர் லெய்ட்லா, 1906ஆம் ஆண்டில் இதற்கு ஒரு தீர்வை முன்மொழிந்தார். நகரை நிலையான சிறுபகுதிகளாகப் பிரித்து, கணக்கெடுப்புதோறும் அதே எல்லைக்குள் எண்ண வேண்டும் என்பதே அது. 1910ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 5 இலட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் வாழ்ந்த 8 நகரங்களுக்கு இம்முறையில் தரவுகள் தொகுக்கப்பட்டன. ‘சென்சஸ் டிராக்ட்’ என்று வழங்கப்படும் இவ்வலகு இக்கட்டுரையில் ‘சிறுபகுதி’ எனக் குறிக்கப்பெறுகிறது.

1930களில் கிளீவ்லாந்து நகரின் புள்ளியியலாளர் ஹோவர்டு விப்பிள் கிரீன், அமெரிக்கப் புள்ளியியல் கழகத்தின் குழுவொன்றின் தலைவராக இருந்து இம்முறையைப் பிற நகரங்களுக்கும் பரப்பினார். சராசரியாக 4,000 பேர் வாழும் அளவு, கண்ணுக்குப் புலனாகும் சாலை, ஆறு, இருப்புப்பாதை ஆகியவற்றை ஒட்டிய எல்லை, வகுக்கும்போது மக்கள் இயல்பிலும் வாழ்க்கைத் தரத்திலும் இயன்றவரை ஒருமை ஆகியன இவற்றின் பொதுநெறிகளாக அமைந்தன. இவற்றுள் இறுதி நெறி கருதத்தக்கது. ஒரு பகுதியினர் ஒரே தன்மையர் என்னும் எதிர்பார்ப்பு எல்லை வரையும்போதே அதனுள் இடம்பெற்றுவிட்டது.

இவ்வெதிர்பார்ப்பு குறித்த எச்சரிக்கையும் அதே நகரத் தரவுகளிலிருந்தே எழுந்தது. 1934ஆம் ஆண்டில் கெல்க்கி, பீல் ஆகிய இருவர் கிளீவ்லாந்தின் 252 சிறுபகுதிகளை எடுத்துக்கொண்டு, வீட்டு வாடகைக்கும் சிறார் குற்றத்திற்கும் உள்ள ஒட்டுறவைக் கணித்தனர். 252 பகுதிகளாகக் கொண்டபோது −0.502 என இருந்த ஒட்டுறவுக் கெழு, அவற்றை 25 பெரும்பகுதிகளாக இணைத்தபோது −0.763 ஆயிற்று. மக்களும் மாறவில்லை; குற்றங்களும் மாறவில்லை. எல்லை மட்டுமே மாறியது. பிற்காலத்தில் ஸ்டான் ஓப்பன்ஷா விரிவாக ஆராய்ந்த ‘மாற்றத்தக்க பரப்பலகுச் சிக்கல்’ என்பதன் தொடக்கச் சான்று இதுவாகும்.

வணிகப் புவியியலும் சிவப்பு நிறப் பகுதிகளும்

சிறுபகுதித் தரவுகள் பெருகிய காலத்திலேயே வணிகப் புவியியலும் உருப்பெற்றது. ஒரு நகரின் சில்லறை வணிக ஈர்ப்பு அதன் மக்கள்தொகைக்கு நேர் விகிதத்திலும், தொலைவின் வர்க்கத்திற்கு எதிர் விகிதத்திலும் அமையும் என்னும் விதியை வில்லியம் ரெய்லி 1931இல் வெளியிட்டார். மளிகைத் தொடர்க்கடை நிறுவனங்களில் பணியாற்றிய வில்லியம் ஆப்பிள்பாம், வாடிக்கையாளரின் முகவரிகளை வரைபடத்தில் புள்ளிகளாகக் குறித்துக் கடையின் வணிகப் பரப்பை வரையறுத்தார். 1960களில் டேவிட் ஹஃப், வாடிக்கையாளர் ஒரு கடையைத் தெரிவுசெய்வதை நிகழ்தகவாகக் கணிக்கும் மாதிரியை உருவாக்கினார். இவையனைத்தும் ‘எவ்விடத்தில் எத்தனை பேர், எவ்வளவு வருவாயுடன் வாழ்கின்றனர்’ என்னும் தரவை வேண்டி நின்றன. அதனை நாடு முழுமைக்கும் ஒரே சீராகத் தரவல்ல அமைப்பு கணக்கெடுப்புத் துறை ஒன்றே.

இதே காலத்தில் வீட்டுக் கடன் துறையிலும் வரைபடம் நுழைந்தது. 1933இல் தோற்றுவிக்கப்பட்ட வீட்டு உடைமையாளர் கடன் கழகம், 1935 முதல் 1940 வரை 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்குக் கடன் இடர் வரைபடங்களை வரைந்தது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்னும் நான்கு நிறங்களால் பகுதிகள் தரப்படுத்தப்பட்டன. கட்டடத்தின் நிலையுடன் குடியிருப்போரின் இனமும் தரத்தைத் தீர்மானித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் மிகப் பெரும்பாலும் சிவப்பு நிறம் பெற்றன. கடன் மறுப்பில் இவ்வரைபடங்கள் நேரடியாக எந்த அளவு பங்காற்றின என்பதில் வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1934இல் அமைந்த கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகத்தின் தனி மதிப்பீட்டு நெறிகளே பெரும் விளைவை ஏற்படுத்தின என்பாரும் உளர். எனினும் தனிமனிதரின் கடன் தகுதியை அவர் வாழும் இடத்தைக் கொண்டு அளக்கும் வழக்கம் இக்காலத்தில் அரசின் ஏற்பைப் பெற்றது என்பதில் ஐயமில்லை.

கணினி தெருவை அறிந்த முறை

1970ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெருநகரப் பகுதிகளின் படிவங்கள் அஞ்சல்வழியே அனுப்பப்பட்டு, அஞ்சல்வழியே திரும்பப் பெறப்பட்டன. அவ்வாறு வரும் முகவரி எந்தச் சிறுபகுதியைச் சார்ந்தது என்பதைக் கணினியே கண்டறிய வேண்டியிருந்தது. நியூஹேவன் நகரில் 1967இல் நடைபெற்ற ஆய்வின் வழி இதற்கென ‘டைம்’ என்னும் கோப்பு முறை உருவாக்கப்பட்டது. இதில் ஒவ்வொரு தெருத்துண்டும் ஒரு பதிவாகும். அதன் இரு முனைகள், இடப்புறத் தெருக்கட்டம், வலப்புறத் தெருக்கட்டம், இருபுறத்துக் கதவிலக்கங்களின் தொடக்கமும் முடிவும் அப்பதிவில் அடங்கும். தெருக்கட்டத்தைச் சுற்றிவரும் துண்டுகள் ஒரு வளையமாக மூடுகின்றனவா என்று சோதித்து, பிழைகளைக் கணினியே கண்டறியவும் இயன்றது.

எண்ணும் பணிக்காக அமைந்த இக்கருவி, முகவரிப் பட்டியல் வைத்திருந்த எந்நிறுவனத்திற்கும் பயன்படத்தக்கதாக இருந்தது. வாடிக்கையாளரின் முகவரியை உள்ளிட்டால் அவர் வாழும் சிறுபகுதி தெரியும். சிறுபகுதி தெரிந்தால் அதன் வருவாய், கல்வி, வீட்டு மதிப்பு ஆகியவற்றின் தொகுப்பளவுகள் தெரியும். ஆனால் டைம் கோப்புகள் பெருநகரங்களின் மையப் பகுதிகளை மட்டுமே கொண்டிருந்தன. இக்குறையை நீக்கக் கணக்கெடுப்புத் துறை, நாட்டு நிலவியல் அளவைத் துறையுடன் இணைந்து 1980களில் ‘டைகர்’ என்னும் தரவுத்தளத்தை உருவாக்கியது. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாடு முழுவதும் தெருக்கட்ட அளவில் எண்ணிம வரைபடம் கிடைத்தது.

கூட்டாட்சி அரசின் ஆக்கங்களுக்கு அந்நாட்டில் காப்புரிமைத் தடை இல்லாமையால் எவரும் டைகர் கோப்புகளைப் பெற்று, திருத்தி, விற்கலாம். 1969இல் தொடங்கப்பட்ட எஸ்ரி, 1986இல் தொடங்கப்பட்ட மேப்இன்ஃபோ போன்ற நிறுவனங்களின் மென்பொருள்களும் மேசைக் கணினியின் பரவலும் இதனுடன் இணைந்தன. பெருநிறுவனங்களுக்கு மட்டுமே உரியதாயிருந்த வணிக வரைபடக்கலை சிறு வணிகருக்கும் எட்டும் நிலைக்கு வந்தது. மென்பொருளின் விலையை மட்டும் கருதினால் இவ்வளர்ச்சிக்கு முதலீடு செய்தது பொதுநிதி என்பது மறைந்துவிடும்.

சராசரி மனிதராதல்

1970களில் ஜோனதன் ராபின் தம் கிளாரிட்டாஸ் நிறுவனத்தின் வழி ‘பிரிஸம்’ என்னும் முறையை அறிமுகப்படுத்தினார். கணக்கெடுப்புத் தரவுகளைக் கொண்டு அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளை 40 வாழ்க்கைமுறைத் தொகுதிகளாக அது வகைப்படுத்தியது. ஒவ்வொன்றுக்கும் நினைவில் நிற்கும் பட்டப்பெயரும் சூட்டப்பட்டது. ஒத்த இயல்பினர் அருகருகே வாழ்வர் என்பதே இதன் அடிப்படை. பிரிட்டனிலும் இவ்வரலாறு ஒத்த வடிவில் நிகழ்ந்தது. லிவர்பூல் நகரின் வறிய பகுதிகளை இனங்காண ரிச்சர்டு வெப்பர் மேற்கொண்ட வகைப்படுத்தல் முறை, அதே பத்தாண்டின் இறுதியில் ‘ஏகார்ன்’ என்னும் வணிகக் கருவியாயிற்று. உதவி தேவைப்படுவோரைக் கண்டறிய எழுந்த முறை, வாங்கும் திறனுடையோரைக் கண்டறிய உதவியது.

இம்முறையின் வலிமையும் குறையும் ஒன்றே. தனிமனிதரை அறியாமலே அவரைக் குறித்து முடிவெடுக்க அது வழிசெய்கிறது. அஞ்சல் விளம்பரத்தில் இதன் பிழை ஒரு தாளின் விலையளவே. கடனிலோ மளிகைக் கடையின் இடத்தேர்விலோ அப்பிழையின் சுமையை அப்பகுதி மக்களே தாங்குகின்றனர். 1963இல் வந்த அஞ்சல் குறியீடு உண்மையில் அஞ்சல் பகிர்வுக்குரிய அலகேயன்றி நிலப்பரப்பின் எல்லை அன்று. ஆதலால் கணக்கெடுப்புத் துறை 2000ஆம் ஆண்டில் அதற்கு ஒத்த தோராயப் பரப்புகளைத் தனியே வரைய நேர்ந்தது.

அடிப்படை எண்ணிக்கையிலும் சமனின்மை இருந்தது. 1990ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பின்னாய்வு, மொத்த மக்களுள் ஏறத்தாழ 1.6 விழுக்காட்டினர் விடுபட்டனர் என மதிப்பிட்டது. கறுப்பின மக்களிடையே அது 4 விழுக்காட்டைக் கடந்தது. எண்ணிக்கையில் குறைந்த பகுதி, சந்தைக் கணிப்பில் தன் உண்மை அளவினும் சிறிதாகவே தோன்றும்.

பொதுமக்களின் எதிர்ப்பும் இக்காலத்திலேயே எழுந்தது. லோட்டஸ், ஈக்விஃபேக்ஸ் ஆகிய நிறுவனங்கள் ஏறத்தாழ 12 கோடிப் பேரின் பெயர், முகவரி, மதிப்பிடப்பட்ட வருவாய் முதலியவற்றைக் குறுவட்டில் வெளியிடத் திட்டமிட்டன. சுமார் 30,000 பேர் தம் பெயரை நீக்குமாறு கோரவே, 1991 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது.

எல்லையே சான்றாதல்

கடன் மறுக்கப்பட்ட பகுதி மக்கள் அதே சிறுபகுதி எல்லையைத் தம் கருவியாக்கிக்கொண்டனர். சிகாகோவின் கேல் சின்கோட்டா முதலானோர் தலைமையில் எழுந்த குடியிருப்போர் இயக்கத்தின் விளைவாக, 1975இல் வீட்டு அடமானக் கடன் வெளிப்படுத்தல் சட்டம் இயற்றப்பட்டது. வங்கிகள் எப்பகுதிக்கு எவ்வளவு கடன் வழங்கின என்பதைப் பொதுவில் தெரிவிக்க அது வகைசெய்தது. வைப்புத்தொகை பெறும் பகுதிகளின் கடன் தேவைக்கும் வங்கி பொறுப்புடையது என 1977ஆம் ஆண்டின் சமூக மறுமுதலீட்டுச் சட்டம் வரையறுத்தது.

1988இல் அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிட்யூஷன் நாளிதழில் பில் டெட்மன் எழுதிய தொடர், இத்தரவுகளைக் கணக்கெடுப்பு விவரங்களுடன் இணைத்தது. ஒத்த வருவாயுடைய பகுதிகளை ஒப்பிட்டபோது, கறுப்பினர் பகுதிகளினும் வெள்ளையர் பகுதிகளுக்கு ஐந்து மடங்கு வீட்டுக் கடன்கள் சென்றிருந்தன. அத்தொடர் மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது.

பகுதிச் சராசரி தனி விண்ணப்பதாரரின் நிலையைக் காட்டாது என்னும் மறுப்பும் அக்காலத்தில் எழுந்தது. வாடிக்கையாளரைத் தெரிவுசெய்வதில் நிதித்துறை தானே பின்பற்றிய ஊகத்தின் குறைபாடே இங்கு அதன் எதிர்வாதமாயிற்று. 1989இல் செய்யப்பட்ட சட்டத்திருத்தம், ஒவ்வொரு விண்ணப்பதாரரின் இனம், வருவாய், விண்ணப்பத்தின் முடிவு ஆகியவற்றையும் தெரிவிக்கப் பணித்தது. இதனால் பகுதியளவுச் சான்றுடன் தனிமனித அளவுச் சான்றும் சேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, சந்தைப் பகுப்பாய்வு பயன்படுத்தும் எல்லைகள் இயற்கையானவை அல்ல. ஒப்பீட்டுத் தேவைக்காகக் குழுக்கள் வகுத்தவை. எல்லை மாறின் முடிவும் மாறும் என்பது 1934இலேயே எண்களால் காட்டப்பட்டது. இரண்டாவது, வணிக வரைபட மென்பொருளின் வளர்ச்சி பொதுநிதியால் உருவான தரவுகளின் மீது அமைந்தது. ஆகவே அதன் விளைவுகள் குறித்துப் பொதுச் சமூகம் வினவுவதற்கு நியாயம் உண்டு. மூன்றாவது, எல்லைத் தரவு தன்னளவில் ஒடுக்கும் கருவியும் அன்று, விடுவிக்கும் கருவியும் அன்று. அதனை யார் பெற முடிகிறது என்பதே தீர்மானிக்கிறது. வங்கியின் கடன் பதிவுகளும் கணக்கெடுப்பின் எல்லைகளும் ஒருசேரப் பொதுவெளிக்கு வந்தபோதுதான் அட்லாண்டாவின் ஐந்து மடங்கு வேறுபாடு வெளிப்பட்டது. சிறுபகுதித் தரவுகளைக் கையாளும் ஆய்வாளர், சராசரியுடன் அதன் பரவலையும், எல்லையுடன் அது வகுக்கப்பட்ட நோக்கத்தையும் சேர்த்தே பதிவுசெய்தல் வேண்டும்.