போர்ப்பணித் தோள்பட்டைச் சின்னம் (ஐக்கிய அமெரிக்கா)

போர்ப்பணித் தோள்பட்டைச் சின்னம் என்பது ஐக்கிய அமெரிக்கத் தரைப்படை வீரர் ஒருவர், தாம் போர்க்களத்தில் எந்தப் படையணியுடன் பணியாற்றினார் என்பதைக் காட்டும் வகையில் தமது சீருடையின் வலத் தோளில் அணியும் துணிச் சின்னம் ஆகும். படைவீரர்களின் பேச்சு வழக்கில் இது "காம்பாட் பேட்ச்" எனப்படுகிறது. இடத் தோளில் அணியப்படும் சின்னம் வீரர் தற்போது பணியாற்றும் படையணியைக் குறிக்கும். பணியிடம் மாறும்போது இடத் தோள் சின்னமும் மாறும். வலத் தோள் சின்னமோ அவர் எந்தப் படையணிக்குச் சென்றாலும் உடன் வரும். எனவே ஒருவரது இரு தோள்களையும் பார்த்தே அவர் இப்போது எங்கிருக்கிறார், முன்பு யாருடன் போருக்குச் சென்றார் என்பதை மற்றொரு வீரர் அறிந்துகொள்ள இயலும்.

ஒரு படைத்துறையின் சின்னத்தை இன்னொரு படைத்துறையைச் சேர்ந்தவர் அணியலாமா என்பது இச்சின்னம் தொடர்பாக அடிக்கடி எழும் கேள்வியாகும். இக்கட்டுரை பெரும்பாலும் அக்கேள்வியைப் பற்றியது. இங்கு மரைன் கோர் எனப்படும் படைத்துறை, ஈரூடகப் படை எனக் குறிப்பிடப்படுகிறது.

தோற்றம்

முதலாம் உலகப் போருக்கு முன்னர் அமெரிக்கத் தரைப்படையில் தோள்பட்டைச் சின்னங்கள் முறைப்படி வழக்கில் இல்லை. தென் கரொலைனா மாநிலத்தின் ஜாக்சன் முகாமில் பயிற்சி பெற்ற 81ஆம் டிவிசன், காட்டுப்பூனை உருவம் பொறித்த துணிச் சின்னத்தைத் தன் வீரர்களின் தோளில் தைத்துக்கொண்டு 1918இல் பிரான்சு சென்றது. ஒழுங்குவிதியில் இல்லாத இச்சின்னத்திற்கு எதிர்ப்பு எழுந்தது. எனினும் அமெரிக்கப் படைகளின் தளபதியான ஜான் பெர்சிங்கின் தலைமையகம் 1918 அக்டோபரில் அதற்கு ஒப்புதல் அளித்ததுடன், பிற டிவிசன்களும் தமக்கெனச் சின்னங்களை வகுத்துக்கொள்ளுமாறு கூறியது. குழப்பம் நிறைந்த களத்தில் வீரர்கள் தம் அணியினரை விரைவில் அடையாளம் காண இது உதவும் என்பதே சொல்லப்பட்ட காரணம். அணியின் மீதான பற்று வளரும் என்பதும் நடைமுறையில் அதே அளவுக்கு முக்கியமானதாக இருந்திருக்க வேண்டும். முன்னாள் போர்ப்பணிக்கான சின்னத்தை வலத் தோளில் அணியும் முறை இரண்டாம் உலகப் போரின் காலத்தில் ஏற்பட்டது.

தகுதி விதிகள்

தரைப்படையின் சீருடை விதிகள் "ஏஆர் 670-1" என்னும் ஒழுங்குவிதித் தொகுப்பில் உள்ளன. வீரர் ஒருவர் வெளிநாடு சென்றார் என்பது மட்டும் தகுதி ஆகாது. அவருடைய படையணி பகைவருக்கு எதிரான தரைப் போர் நடவடிக்கையில் ஈடுபட்டிருக்கவோ அதற்குத் துணைநின்றிருக்கவோ வேண்டும். பகைவரின் தாக்குதல் அபாயத்திற்கும் உட்பட்டிருக்க வேண்டும். அப்பகுதி போர்ச்சூழல் உள்ள பகுதியென உரிய உயர் அதிகாரத்தால் அறிவிக்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

இதனால் ஒவ்வொரு போருக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் விதியிலேயே வரையறுக்கப்பட்டுள்ளன. வியட்நாம் போருக்கு 1958 சூலை 1 முதல் 1973 மார்ச் 28 வரை. கிரெனடாவுக்கு 1983 அக்டோபர் 24 முதல் நவம்பர் 21 வரை. பனாமாவுக்கு 1989 திசம்பர் 20 முதல் 1990 சனவரி 31 வரை. கொரியப் போருக்கான காலம் 1950 சூன் 27இல் தொடங்கி 1954 சூலை 27இல் முடிகிறது. போர்நிறுத்த உடன்பாடு 1953 சூலை 27இல் கையெழுத்தானது என்பதால், துப்பாக்கிகள் ஓய்ந்து ஓராண்டு வரை அங்கு சென்றவர்களும் தகுதி பெறுகின்றனர். மாறாக 1968 முதல் 1973 வரையிலான எல்லை மோதல்களின்போது கொரியாவில் இருந்தவர்களில், போர்க் காயத்திற்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றோர் போன்ற சிலரே தகுதி பெறுகின்றனர்.

எந்தச் சின்னத்தை அணிவது என்பதும் எளிதான கேள்வியன்று. ஈராக், ஆப்கானித்தான் போர்களில் படையணிகள் உடைத்துக் கலந்து அனுப்பப்பட்டதால், ஒரு வீரர் ஒரே காலத்தில் பல தலைமைகளின் கீழ் இருந்தார். 2007இல் வெளியான அறிவுறுத்தலின்படி, கம்பெனி அளவிலோ அதற்கு மேலோ முழுமையாகச் சென்ற அணியினர் தம் சொந்த அணியின் சின்னத்தை அணிவர். அதைவிடச் சிறிய குழுவாகச் சென்றோர், களத்தில் தாம் இணைக்கப்பட்ட அணியின் சின்னத்தை அணிவர். பல சின்னங்களுக்குத் தகுதியுடையவர் அவற்றுள் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். எதையும் அணியாமலும் இருக்கலாம்.

ஈரூடகப் படையும் தரைப்படையும்

முதலாம் உலகப் போரில் 5ஆம், 6ஆம் ஈரூடகப் படை ரெசிமெண்டுகளைக் கொண்ட 4ஆம் பிரிகேடு, தரைப்படையின் 2ஆம் டிவிசனில் ஓர் உறுப்பாக இருந்து 1918 சூனில் பெலோ வனச் சண்டையில் ஈடுபட்டது. அவ்வாண்டு சூலையில் அந்த டிவிசனின் தலைமையே ஈரூடகப் படைத் தளபதி ஜான் லெஜூனிடம் வந்தது. அந்த டிவிசன் பெற்ற, விண்மீனும் அமெரிக்கப் பழங்குடியினர் தலையும் கொண்ட சின்னத்தை ஈரூடகப் படையினரும் தோளில் அணிந்தனர். அதாவது பிற துறைச் சின்னத்தை அணியும் வழக்கம் தோள்பட்டைச் சின்னத்தின் அளவுக்கே பழைமையானது. தரைப்படையின் 2ஆம் காலாட்படை டிவிசன் இன்றும் இச்சின்னத்தையே கொண்டுள்ளது.

இரண்டாம் உலகப் போரில் ஈரூடகப் படை தனக்கெனச் சின்னங்களை ஏற்படுத்திக்கொண்டது. நீலச் சாய்சதுரத்தில் சிவப்பு நிற "1" என்னும் எண்ணும், அதன்மீது "குவாடல்கனால்" என்னும் பெயரும், தென்சிலுவை விண்மீன்களும் கொண்ட 1ஆம் ஈரூடக டிவிசனின் சின்னம் இவற்றுள் புகழ்பெற்றது. ஆனால் போர் முடிந்தபின் இச்சின்னங்களைக் கைவிட 1947இல் ஆணையிடப்பட்டது. 1948 முதல் அவை சீருடையிலிருந்து நீக்கப்பட்டன. டிவிசன் எதுவாயினும் வீரர் முதலில் ஈரூடகப் படையினர் என்பதே அத்துறையின் நோக்கு.

இதன் விளைவாக ஒரு விந்தையான நிலை உருவாகியுள்ளது. 2003 ஈராக் படையெடுப்பில் 1ஆம் ஈரூடகப் படையெடுப்புப் படையின் கீழ் தரைப்படை அணிகள் சிலவும் போரிட்டன. அவற்றின் வீரர்கள் 1ஆம் ஈரூடக டிவிசன் போன்ற சின்னங்களை வலத் தோளில் அணியத் தரைப்படை இசைவளித்தது. அதே டிவிசனில் அதே போரில் ஈடுபட்ட ஈரூடகப் படை வீரரோ தம் சொந்த டிவிசனின் சின்னத்தைத் தம் சீருடையில் அணிய முடியாது. ஒருவர் எதை அணியலாம் என்பதைச் சின்னத்துக்கு உரிய துறை அன்று, அவர் உடுத்தியுள்ள சீருடைக்கு உரிய துறையே முடிவு செய்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

துறை மாறியோர்

ஈரூடகப் படையில் இருந்து போரிட்ட ஒருவர் விலகிப் பின்னர் தரைப்படையில் சேர்ந்தால், அவர் தம் பழைய டிவிசனின் சின்னத்தை அணியலாமா? அணியக்கூடாது என்பதே 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் காணப்படும் விடை. நடவடிக்கையின்போது தரைப்படை அணிகளில் உறுப்பினராக இருந்தவர்களுக்கே இச்சின்னம் உரியது. பிற துறைகளில் இருந்து அதே நடவடிக்கையில் பங்கேற்றோருக்கு உரிமை இல்லை என அது வெளிப்படையாகக் கூறுகிறது. இதனால் களத்தில் பல மாதங்கள் கழித்த ஒருவரின் வலத் தோள் வெறுமையாக இருக்க, அவருக்குக் கீழ் பணிபுரியும் இளைய வீரரின் தோளில் சின்னம் இருக்கக்கூடும். புதிதாக வந்தவரின் அனுபவத்தைத் தோளைப் பார்த்தே எடைபோடும் பழக்கம் உள்ள இடத்தில் இது சிறிய குறையன்று.

எனினும் அவரது பணி முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. தோள்பட்டைச் சின்னம் படையணிக்கு உரியது. பதக்கமும் நாடாவும் தனி மனிதருக்கு உரியவை. ஆதலால் கடற்படையும் ஈரூடகப் படையும் வழங்கும் போர்ச்செயல் நாடாவை முன்னரே பெற்றவர், தரைப்படைச் சீருடையிலும் அதனை அணியலாம். தரைப்படை 2005இல் ஏற்படுத்திய போர்ச்செயல் வில்லை ஏறத்தாழ அதே பொருளுடையதாயினும், ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொள்ள முடியாது.

இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்றும் உண்டு. முதலாம் உலகப் போரின் வீரத்திற்காகப் பிரான்சு வழங்கிய ஃபூராஜேர் என்னும் பச்சை, சிவப்பு நிறப் பின்னற் கயிற்றை 5ஆம், 6ஆம் ஈரூடக ரெசிமெண்டுகளின் இன்றைய வீரர்களும் இடத் தோளில் அணிகின்றனர். ஆனால் ரெசிமெண்டை விட்டு நீங்கும் நாளில் அதைக் கழற்றிவிட வேண்டும்.

அணியும் முறை

களச் சீருடையில் இச்சின்னம் வலத் தோளில் நாட்டுக்கொடிக்குக் கீழே ஒட்டுப்பட்டையால் பொருத்தப்படும். நீல நிறப் பணிச் சீருடையில் துணிச் சின்னம் இடம்பெறாது. அதற்குப் பதிலாகச் சின்னத்தின் உலோக வடிவம் வலப்பக்க மார்பில் அணியப்படும். 2020 முதல் வழங்கப்பட்டுவரும் பச்சைச் சீருடையில் துணிச் சின்னம் மீண்டும் தோளுக்குத் திரும்பியுள்ளது.

தவறாக அணிதல்

பணியில் உள்ள ஒருவர் தகுதியில்லாத சின்னத்தை அணிவது படைத்துறைச் சட்டத்தின்படி குற்றமாகும். 2019 சனவரி 1 முதல் இது அச்சட்டத்தின் 106ஏ பிரிவில் இடம்பெற்றுள்ளது. பெரும்பாலும் மேலதிகாரி கழற்றச் சொல்வதோடு விவகாரம் முடிந்துவிடும் என்றாலும், படையினரிடையே இது நேர்மை பற்றிய குற்றச்சாட்டாகவே பார்க்கப்படுகிறது. தோள்பட்டைச் சின்னம் தொடர்பானது அல்லவெனினும், அமெரிக்கக் கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் ஜெரமி பூர்டாவின் நிகழ்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. வியட்நாம் காலத்து இரு பதக்க நாடாக்களில் அவர் அணிந்திருந்த, போர்ப்பணியைக் குறிக்கும் சிறு "வி" எழுத்துக்கு அவருக்குத் தகுதி உண்டா எனச் செய்தியாளர்கள் வினவவிருந்த நிலையில், 1996 மே 16இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வியட்நாம் போர்க்காலத்தில் கடற்படைத் தலைவராக இருந்த அட்மிரல் எல்மோ சும்வால்ட், பூர்டா அவற்றை அணிந்தது முறையே எனப் பின்னர் எழுத்து மூலம் தெரிவித்தார். அக்கடிதம் 1998இல் பூர்டாவின் பணிப்பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. ஆயினும் அதன்பின் ஆராய்ந்த கடற்படைக் குழு அவருக்கு அவ்வுரிமை இல்லை என்றே முடிவு செய்தது.