நடைவண்டி முதல் தள்ளுவண்டி வரை

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழா நடக்கும்போது, மாட வீதிகளில் பெரிய தேர் அசைந்து வருவதை நீங்கள் பார்த்திருக்கலாம். அதே வீதிகளின் ஓரத்தில், திருவிழாக் கடைகளில், இன்னொரு சிறிய தேரும் விற்பனைக்கு வருவதுண்டு. மரச்சட்டம் ஒன்று, பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, பின்னால் இரண்டு சக்கரம், முன்னால் ஒரு சக்கரம். அதுதான் நடைவண்டி. தளர்நடை போடும் குழந்தை இதைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே நடக்கக் கற்றுக்கொள்கிறது.

இன்று தியாகராய நகர்க் கடைகளில் வேறொரு மூன்று சக்கர வண்டியையும் காண்கிறோம். குழந்தையை உட்கார வைத்துப் பெற்றோர் தள்ளிச் செல்லும் வண்டி அது. முன்னதில் குழந்தை வண்டியைத் தள்ளுகிறது. பின்னதில் குழந்தையை வைத்து நாம் தள்ளுகிறோம். இரண்டுக்கும் மூன்று சக்கரமே ஏன்? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் பழந்தமிழ் இலக்கியம், ஐரோப்பிய வரலாறு, பள்ளியில் படித்த இயற்பியல் மூன்றையும் தொட வேண்டியிருக்கும்.

சங்க காலத்துச் சிறுதேர்

பத்துப்பாட்டில் ஒன்றான பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடுகிறது. இயற்றியவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். அதில் ஒரு காட்சி. வீட்டு முற்றத்தில் உலரும் உணவைக் கொத்த வந்த கோழியின் மீது ஒரு பெண் தன் காதணியைக் கழற்றி எறிகிறாள். எறிந்த அணி தரையில் கிடந்து, சிறுவர் உருட்டிவரும் சிறுதேரின் வழியைத் தடுக்கிறதாம். நகரின் செல்வ வளத்தைக் காட்டவே புலவர் இதைச் சொன்னார். ஆனால் நமக்கு வேண்டிய செய்தியும் அதில் இருக்கிறது. அந்தத் தேருக்குக் குதிரை இல்லை, கால்கள் மூன்று. கால் என்பதற்கு இங்கே சக்கரம் என்று பொருள்.

இதே புலவர் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர்கள் செய்த, ஏறிச் செல்வதற்கல்லாத அழகிய சிறுதேரை உருட்டிக் களைத்த குழந்தைகள் வருகிறார்கள். பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்களில் ஆண்பாலுக்குரிய பத்துப் பருவங்களில் இறுதியானது சிறுதேர்ப் பருவம். ஆகவே குழந்தையும் வண்டியும் நம் நாட்டில் நெடுங்காலமாகச் சேர்ந்தே வளர்ந்தவை.

பத்துப்பாட்டை 1889-ல் பதிப்பித்துத் தந்தவர் உ. வே. சாமிநாதையர். அவர் ஊர் ஊராக அலைந்து திரட்டிய ஓலைச்சுவடிகள், அடையாற்றை அடுத்த பெசன்ட் நகரில் அவர் பெயரில் அமைந்துள்ள நூல்நிலையத்தில் காக்கப்படுகின்றன. அவர் உழைப்பு இல்லாவிட்டால் அந்த மூன்று சக்கரத் தேர் நம் பார்வைக்கு வந்திருக்குமா என்று எண்ணிப் பாருங்கள்.

ஆட்டுக்குட்டி இழுத்த வண்டி

இனி ஐரோப்பாவுக்குச் செல்வோம். 1733-ல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் பிரபுவின் குழந்தைகளுக்காக வில்லியம் கென்ட் என்னும் கட்டடக் கலைஞர் ஒரு வண்டி அமைத்தார். சிப்பி வடிவில் இருக்கை. அதை இழுக்க ஓர் ஆடோ சிறு குதிரையோ. அது செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருள்தான்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் இழுக்கும் வண்டி தள்ளும் வண்டியாக மாறியது. கைப்பிடி முன்னாலிருந்து பின்னால் வந்தது. இது சிறிய மாற்றம் போலத் தோன்றும். ஆனால் இழுப்பவர் குழந்தைக்கு முதுகு காட்டி நடக்க வேண்டும். தள்ளுபவரோ குழந்தையைக் கண் முன்னே வைத்துக்கொள்ளலாம். சார்லஸ் பர்ட்டன் என்பவர் 1853-ல் இலண்டனில் இத்தகைய வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலத்து வண்டிகள் பலவற்றுக்கு மூன்று சக்கரங்களே இருந்தன.

அடுத்த கதை இன்னும் சுவையானது. பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அவருடைய மகன் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டுவான். கெட்டி ரப்பர் பூட்டிய சக்கரங்கள் கற்கள் பாவிய தெருவில் கடகடவென்று குலுங்கின. தந்தை, காற்று அடைத்த ரப்பர்க் குழாயைச் சக்கரத்தில் சுற்றிப் பார்த்தார். குலுக்கல் குறைந்தது, வேகமும் கூடியது. 1888-ல் அவர் காப்புரிமை பெற்றார். இன்று உலகெங்கும் உருளும் காற்று டயர்களின் பெருவாழ்வு ஒரு குழந்தையின் மூன்று சக்கர வண்டியில் தொடங்கியது!

1889-ல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன் என்ற கறுப்பினத்தவர், குழந்தை வெளியே பார்க்கவும் தாயைப் பார்க்கவும் திருப்பி வைக்கக்கூடிய இருக்கையை அமைத்தார். 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலப் பொறியாளர் குடைபோல் மடங்கும் அலுமினிய வண்டியை வடிவமைத்தார். இவர் போர்க்காலத்தில் ஸ்பிட்பயர் விமானத்தின் மடங்கும் சக்கர அமைப்பில் பணியாற்றியவர். அவருடைய வண்டியின் எடை 2.7 கிலோகிராம்தான். 1980-களில் அமெரிக்கப் பத்திரிகையாளரும் ஓட்டப் பிரியருமான பில் பேக்லர், குழந்தையையும் அழைத்துக்கொண்டு ஓடுவதற்காக, மிதிவண்டிச் சக்கரங்கள் பூட்டிய தள்ளுவண்டியை உருவாக்கினார். மூன்று சக்கரம் மீண்டும் வந்தது.

மூன்றின் சிறப்பும் குறையும்

இப்போது ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மேடுபள்ளமான தரையில் நான்கு கால் நாற்காலியைப் போடுங்கள். அநேகமாக அது ஆடும். மூன்று கால் முக்காலியைப் போடுங்கள். ஆடாது. ஏன்? மூன்று புள்ளிகள் வழியே எப்போதும் ஒரு தளம் செல்லும். நான்காவது புள்ளி அந்தத் தளத்தில்தான் இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே மூன்று சக்கரமும் எந்தத் தரையிலும் ஒருசேரப் படியும். மண் முற்றத்தில் உருளும் நடைவண்டிக்குத் தச்சர் மூன்று சக்கரம் வைத்ததன் நயம் இதுவே.

ஆனால் ஆடாமல் இருப்பது வேறு. கவிழாமல் இருப்பது வேறு. வண்டியின் ஈர்ப்பு மையத்திலிருந்து தொங்கும் தூக்குநூல், சக்கரங்களை இணைக்கும் எல்லைக்குள் விழும் வரைதான் வண்டி நிற்கும். ஒரு கணக்குப் போடுவோம். பின் சக்கரங்களுக்கு இடையே 60 செ.மீ. என்று கொள்வோம். நான்கு சக்கர வண்டியின் முன்புறமும் அதே அகலமாயின், நடுக்கோட்டிலிருந்து பக்க எல்லை 30 செ.மீ. தள்ளி இருக்கும். மூன்று சக்கர வண்டியில், முன் சக்கரம் பின் அச்சுக்கு 90 செ.மீ. முன்னாலும், ஈர்ப்பு மையம் 30 செ.மீ. முன்னாலும் இருந்தால், பக்க எல்லை ஏறத்தாழ 19 செ.மீ. தொலைவிலேயே வந்துவிடும். ஆகவே இத்தகைய வண்டி பக்கவாட்டில் சற்று எளிதாகக் கவிழும். இதை ஈடுசெய்ய இருக்கை தாழ்வாக இருக்கவேண்டும். பின் சக்கரங்கள் அகன்று நிற்கவேண்டும்.

எடையை முழுவதும் பின்னுக்குத் தள்ளிவிட்டால் என்ன? அதிலும் ஆபத்து உண்டு. 10 கிலோ வண்டியில் 10 கிலோ குழந்தை அமர்ந்திருக்கிறது. பின்புறம் 30 செ.மீ. நீண்டிருக்கும் கைப்பிடியில், தெற்கு மாட வீதியில் வாங்கிய 6 கிலோ காய்கறிப் பையை மாட்டுகிறோம். பையின் திருப்புத்திறன் 6 × 30 = 180. குழந்தையும் வண்டியும் சேர்ந்த எதிர்த் திருப்புத்திறன் 20 × 30 = 600. வண்டி அசையாது. இப்போது குழந்தையை மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள். வெறும் வண்டியின் மையம் அச்சுக்கு 15 செ.மீ. முன்னால் என்றால், 10 × 15 = 150 மட்டுமே. பை வென்றுவிடும், வண்டி மல்லாந்து விழும். குழந்தையை மீண்டும் உட்கார வைக்கும் நொடியில் இது நேர்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பையை இருக்கைக்கு அடியிலுள்ள கூடையில் வையுங்கள், கைப்பிடியில் மாட்டாதீர்கள்.

சக்கரத்தின் அளவு

நம் நடைபாதையில் 2 செ.மீ. உயரத்தில் ஒரு கல் துருத்தி நிற்கிறது. 5 செ.மீ. ஆரமுள்ள சிறு சக்கரத்தை அதன்மீது ஏற்ற, அச்சில் கிடையாகக் கொடுக்கவேண்டிய விசை, சக்கரம் தாங்கும் எடையைப் போல் 1.33 மடங்கு. ஆரம் 15 செ.மீ. ஆனால் 0.58 மடங்கே போதும். அதாவது பாதிக்கும் குறைவு. பெரிய சக்கரம் நம் தெருக்களுக்கு ஏன் ஏற்றது என்பது இப்போது விளங்கும். சுழலும் முன் சக்கரம் கடை வீதியில் எளிதாகத் திரும்பும். ஆனால் வேகமாகச் செல்லும்போது சிறு கல் பட்டாலும் திசை மாறும். ஆகவே ஓடுபவர்கள் அதைத் திரும்பாதபடி பூட்டிவிடவேண்டும். தலை நன்றாக நிற்காத கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஓடவே கூடாது. குறைந்தது ஆறு மாதமாவது ஆகட்டும் என்பது பொதுவான அறிவுரை. தோள், இடுப்பு, கால் இடுக்கு ஆகியவற்றைப் பிணைக்கும் ஐந்து முனை வாரும், நிறுத்தும் தடையும் உறுதியாக உள்ளனவா என்று பார்த்து வாங்குங்கள்.

நடைவண்டியைப் பற்றியும் ஒரு சொல். குழந்தையை நடுவில் தொங்க விட்டு, சுற்றிலும் சக்கரம் வைத்த வட்ட வண்டி வேறு. நம் நடைவண்டி வேறு. முன்னது குழந்தைக்குத் தகாத வேகத்தைத் தந்து படிகளில் உருட்டிவிடுகிறது. கனடா நாடு 2004-ல் அதன் விற்பனையையே தடை செய்தது. நடைவண்டியிலோ குழந்தை தன் காலில் தன் எடையைத் தாங்கி நிற்கிறது. ஆனாலும் அருகே பெரியவர் ஒருவர் இருக்கவேண்டும்.

வழி எங்கே?

நல்ல வண்டி வாங்கியாயிற்று. நடைபாதையில் ஏறவேண்டும். இந்தியச் சாலைக் குழுமத்தின் விதிப்படி நடைபாதை 15 செ.மீ. உயரத்துக்கு மேல் இருக்கலாகாது. அந்த 15 செ.மீ. விளிம்பை, 15 செ.மீ. ஆரமுள்ள சக்கரத்தால் ஏற முடியுமா? முன்பு போட்ட கணக்கையே போட்டால் விடை முடிவிலி! எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் ஏறாது. முன் சக்கரத்தைத் தூக்கித்தான் வைக்கவேண்டும், அல்லது விளிம்பில் ஒரு சாய்தளம் இருக்கவேண்டும். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்பது சாய்தளத்துக்கு ஏற்ற அளவு.

சென்னை மாநகராட்சி 2014-ல் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் முன்னுரிமை தரும் கொள்கையை ஏற்றது. 2019-ல் பாண்டி பஜாரின் அகன்ற நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அங்கே தள்ளுவண்டி தடையின்றி உருளுவதைப் பார்க்கலாம். சில தெருக்கள் தள்ளிப் போனால், நடைபாதையில் நிறுத்திய மோட்டார் சைக்கிளும் மின்பெட்டியும் வழியை அடைத்து நிற்கின்றன. வண்டியோடு தாய் சாலையில் இறங்கவேண்டியிருக்கிறது.

இது குழந்தைக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. அடையாற்றுக்கு அருகே இருக்கும் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்கள், இயக்கக் குறைபாடு உடையோருக்காக நல்ல சக்கர நாற்காலிகளை உருவாக்கியிருக்கிறார்கள். அந்த நாற்காலியும் அதே விளிம்பில்தான் நின்றுவிடுகிறது. கைத்தடி ஊன்றி வரும் முதியவரும் அங்கேயே தயங்குகிறார். தள்ளுவண்டிக்கு வழி விட்டால் இவர்கள் அனைவருக்கும் வழி கிடைக்கும்.

காவிரிப்பூம்பட்டினத்தில் சிறுதேரின் வழியை மறித்தது ஒரு பொற்குழை. நம் தெருவில் மறிப்பது எது என்று இன்று மாலை நடந்து போகும்போது நீங்களே பாருங்கள். அது உங்கள் வீட்டு வண்டியாக இருந்தால், முதலில் அதைச் சற்றே நகர்த்தி வையுங்கள்.