பனங்கட்டியும் சீனியும்: யாழ்ப்பாணத்துப் பலகார வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

யாழ்ப்பாண வரலாற்றை எழுதப் புகுந்தோர் அரசர் வரிசையையும் நிலவுரிமையையும் கோயில்களையும் கல்விக்கூடங்களையும் ஆராய்ந்த அளவுக்கு அடுக்களையை ஆராய்ந்தாரல்லர். அடுக்களையில் ஆவணங்கள் குறைவு என்பது இதற்கு ஒரு காரணமாகலாம். அதனைப் பேசுவது ஆராய்ச்சியாளனின் தகுதிக்குக் குறைவென்ற எண்ணமும் மற்றொரு காரணமாகலாம். பலகாரத்தில் மிகுந்த நாட்டமுடையோன் என்ற பழி இக்கட்டுரையாளனுக்கு நெடுங்காலமாக உண்டு. அதனை மறுக்கும் எண்ணம் இல்லை. ஆடிக்கூழின் மணமும் பயற்றம் பணியாரத்தின் மொறுமொறுப்பும் தந்த இன்பமே இவ்வினாவை எழுப்பிற்று: இந்தப் பலகாரங்களின் இனிப்பு எங்கிருந்து வந்தது? யாருடைய கையால் வந்தது?

முதலிற் சொற்களை நோக்குவோம். பலகாரம் என்பது பழ உணவு என்னும் பொருளுடைய வடசொல்லின் வழி வந்தது. விரத நாளிற் சோற்றை விலக்கிப் பழம் உண்டோர், காலப்போக்கிற் சோறல்லாத சிற்றுண்டி யாவற்றையும் அச்சொல்லாற் சுட்டத் தலைப்பட்டனர் போலும். எண்ணெயிற் பொரித்த முறுக்கும் பழ உணவாகிவிட்ட விந்தை இவ்வாறு நிகழ்ந்தது. பணியாரம் என்பதோ பழந்தமிழ்ப் ‘பண்ணியம்’ என்பதனோடு உறவுடையது. மதுரைக்காஞ்சி மதுரை நகர வீதிகளில் விற்கப்பட்ட மோதகத்தையும் அடையையும் கூறுகின்றது. அப்பம் சுடும் வணிகராகிய கூவியரைப் பெரும்பாணாற்றுப்படையும் அறியும். 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளுக்குரிய திருமலைக் கல்வெட்டுக்களில் இறைவனுக்குப் படைக்கப்பட்ட திருப்பண்ணியாரங்களுள் அதிரசமும் ஒன்று. நம்மவர் கூறும் அரியதரம் இவ்வதிரசத்தின் திரிபே எனக் கொள்வதில் தவறில்லை. எனவே வடிவங்களைப் பொறுத்தவரை நமது பலகாரங்கள் தமிழகத்தோடு பொதுவான பழைய மரபின. வேறுபாடு இனிப்பிலேதான் உள்ளது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் மேற் படிந்த மெல்லிய மண்ணும், மாரி மழையும், கிணற்று நீருமே வேளாண்மைக்கு ஆதாரம். நீர் மிகுதியாக வேண்டும் கரும்பு இங்கு பெரும்பயிராக வேரூன்ற இடமிருக்கவில்லை. அவ்விடத்தை நிரப்பியது பனை. 1850ஆம் ஆண்டிற் கொழும்பில் வெளியான வில்லியம் பேர்குசனின் பனை பற்றிய நூல், தமிழ்ப் பாடலொன்று அம்மரத்தின் பயன்களை எண்ணூற்றொன்று என எண்ணியதைக் குறிப்பிடுகின்றது. எண்ணிக்கை புலவரின் உற்சாகத்தால் விளைந்திருக்கலாம். ஆயினும் யாழ்ப்பாணத்து வீடொன்றின் கூரையையும் வேலியையும் பாயையும் உணவையும் ஒருங்கே தந்த மரம் இதுவென்பதை மறுப்பாரில்லை.

பனையின் இனிப்பு இரு வழிகளிற் பெறப்படுவது. முதலாவது பாளையிலிருந்து வடியும் சாறு. முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூசி இறக்கினால் அது புளியாமற் கருப்பநீர் ஆகும், பூசாவிடிற் கள்ளாகும். ஒரு விரற் சுண்ணாம்பே இரு பொருள்களையும், அவற்றோடு இரு வேறு சமூக மதிப்புக்களையும் பிரித்துவிடுகின்றது. இறக்கிய கருப்பநீரைக் காலந் தாழ்த்தாது அகன்ற பாத்திரத்தில் ஊற்றி, காய்ந்த ஓலையும் பன்னாடையும் எரித்து, அடிப்பிடிக்காமற் கிளறிக் காய்ச்சுதல் வேண்டும். அது முதலிற் பாணியாகும். பின்னர் பதம் முற்றியதும் பனையோலையால் இழைத்த சிறு குட்டான்களில் வார்க்கப்பட்டுப் பனங்கட்டியாக இறுகும். பதம் தப்பினால் ஒரு நாளைய உழைப்பு முழுவதும் கருகிப்போகும். கருப்பநீரிலிருந்து கல்லாக்காரமும் எடுப்பதுண்டு. அது இருமலுக்கு மருந்தென வீடுகளிற் பேணப்பட்டது.

இரண்டாவது வழி பனம்பழம். ஆவணியை அண்டிப் பழம் விழும் பருவத்தில், அதன் களியைப் பிசைந்தெடுத்துப் பாயிற் பரப்பிப் பல நாள் வெயிலிற் படை படையாக உலர்த்துவர், இதுவே பனாட்டு. பாணியில் ஊறவைத்தாற் பாணிப்பனாட்டு. களியைக் காய்ச்சி, மாவுடன் குழைத்து, சிறு சிறு உருண்டைகளாக எண்ணெயில் விட்டெடுத்தாற் பனங்காய்ப் பணியாரம். இப்பணியாரத்தில் ஒரு மெல்லிய கைப்பு உண்டு. அக்கைப்பை விரும்பாதோர் அதனை உண்ணத் தகுதியற்றோர் என்பது இக்கட்டுரையாளனின் தனிக்கருத்து, வரலாற்று முடிபன்று.

இப்பனை இனிப்பின் உயர்ந்த வெளிப்பாடு ஆடிப்பிறப்பாகும். ஆடி மாதம் முதலாம் நாளிற் கூழும் கொழுக்கட்டையும் ஆக்குதல் யாழ்ப்பாணத்தாரின் வழக்கம். வறுத்த அரிசிமா, பயறு, தேங்காய்ப்பால், தேங்காய்ச் சொட்டு, பனங்கட்டி ஆகியவை சேர்ந்து கொதிக்கும் கூழைப் பலாவிலையைக் கோலிக் குடிப்பர். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) இந்நாளைப் பற்றிச் சிறுவருக்காகப் பாடிய பாடல் பல தலைமுறைப் பிள்ளைகளின் நாவிற் பயின்றது. ஆய்வாளனுக்கு அப்பாடல் ஓர் ஆவணமுமாகும்: ஆடிப்பிறப்பின் இனிமைக்குச் சீனி தேவைப்படாத ஒரு காலத்தை அது காட்டுகின்றது.

சீனி கடல்வழி வந்த பொருள். சொல்லே அதனைச் சீனத்தோடு தொடர்புபடுத்துகின்றது. ஏழாம் நூற்றாண்டிற் சர்க்கரை காய்ச்சும் முறையைக் கற்றுவரச் சீனத்துப் பேரரசர் தைசோங் மகத நாட்டுக்கு ஆளனுப்பினார் என்று சீன வரலாறு கூறும். நாமோ பிற்காலத்தில் வெள்ளைச் சர்க்கரையைச் சீனத்தின் பெயராலேயே அழைத்தோம். போத்துக்கேயர் 1619இலும் ஒல்லாந்தர் 1658இலும் ஆங்கிலேயர் 1795இலும் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். பாண், விசுக்கோத்து முதலான சொற்கள் போத்துக்கேயர் விட்டுச் சென்றவை. தொதல் மலாய் உலகத்து உணவு. மஸ்கற் என்பதோ அரபுத் துறைமுகமொன்றின் பெயர். இவற்றுள் எது எந்த ஆண்டில் நம் அடுக்களைக்குள் நுழைந்தது என ஆண்டிட்டுக் கூற முனைவது வீண் முயற்சி. ஆயினும் சீனி பொதுமக்களுக்கு எட்டியதற்கு நாணய வருவாய் ஒரு முன்நிபந்தனை என்பது தெளிவு. 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்குச் சென்ற யாழ்ப்பாணப் புகையிலை அவ்வருவாயைத் தந்தது. அந்நூற்றாண்டின் இறுதி தொடக்கம் மலாயாவில் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் பணிபுரிந்தோர் அனுப்பிய பணமும், பின்னர் அவர்தம் ஓய்வூதியமும் அதனைப் பெருக்கின.

இம்மாற்றம் பலகாரங்களின் பெயரிலேயே பதிந்துள்ளது. வெறுமனே அரியதரம் எனப்பட்டது ‘சீனி அரியதரம்’ எனச் சிறப்பிக்கப்படலாயிற்று. கோதுமை மாவிற் செய்யும் சிப்பிப் பலகாரம் சீனிப்பாகிற் புரண்டு வெண்மை பூண்டது, பால்றொட்டியும் அவ்வாறே. பயற்றம் பணியாரம் இரண்டுக்கும் நடுவே நிற்பது. வறுத்து இடித்த பயற்றமாவுடன் தேங்காய்ப்பூவும் மிளகும் சீரகமும் சேர்த்து, பாகு விட்டு உருட்டி, கரைத்த மாவில் தோய்த்துப் பொரிப்பர். பாகு பனங்கட்டியினதா, சர்க்கரையினதா, சீனியினதா என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும். எள்ளுப்பாகு மாத்திரம் பெரும்பாலும் தன் கருமையை விட்டுக்கொடுக்கவில்லை. பருவமெய்திய பெண்ணுக்கு ஊட்டும் உணவாக, மருந்தின் மதிப்போடு அது நிலைத்துவிட்டது.

நிறத்துக்கு உண்டான மதிப்பு ஈண்டு கருதற்பாலது. திருமணத்துக்கு முன்னர் நல்ல நாளிற் பொன்னுருக்குதலோடு பலகாரச் சூடும் நிகழும். உறவுப் பெண்களும் அயற்பெண்களும் கூடியிருந்து இடித்து, அரித்து, சுட்டுத் தகரங்களில் நிரப்புவர். மணவீட்டாரிடையே பரிமாறப்படும் தட்டங்களிற் சீனிப் பலகாரம் முன்னிடம் பெற்றது. பனங்கட்டிப் பண்டம் அன்றாடத்துக்கும் சடங்கின் உள்வட்டத்துக்கும் ஒதுங்கியது. 1824இல் உடுவிலில் அமெரிக்க மிஷனரிமார் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை போன்றவற்றின் வழி பரவிய புதிய இல்லற முறைகளோடு கேக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் சைவ வீட்டுத் திருமணங்களிலும் கடதாசியிற் சுற்றிய கேக் துண்டு வழங்காவிடிற் குறையெனக் கருதப்படலாயிற்று.

பனங்கட்டியின் மதிப்புக் குறைந்தமைக்குச் சீனியின் வெண்மை மாத்திரம் காரணமன்று. அதனை ஆக்கியோரின் சமூக நிலையையும் நோக்க வேண்டும். மரமேறிச் சாறு இறக்கியோரும், முற்றத்தில் அடுப்பு மூட்டிக் காய்ச்சிய அவர்தம் மனைவியரும் சாதியமைப்பிற் கீழே தள்ளப்பட்டவர்கள். அவர்கள் காய்ச்சிய பனங்கட்டி உயர்சாதியார் வீட்டுப் பூசைப் படையலுக்கும் சென்றது; அவர்களோ அவ்வீட்டுப் படிக்கட்டைத் தாண்ட இயலவில்லை. கையின் தீட்டுப் பனங்கட்டியில் ஒட்டாத மாயத்தை எந்த ஆகமமும் விளக்கியதாகத் தெரியவில்லை. தேநீர்க் கடைகள் பெருகிய காலத்தில் முரண்பாடு மேலும் வெளிப்படையாயிற்று. ஊருக்கு இனிப்பளித்தவர் கடைவாசலில் நின்று, தமக்கென ஒதுக்கிய பேணியிலோ சிரட்டையிலோ தேநீர் பெறவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இத்தகைய மறுப்பைக் குற்றமாக்கிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிச் சென்ற ஊர்வலமும், அதனைத் தொடர்ந்த தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்களும், 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டமுமே நடைமுறையை அசைத்தன. சோமசுந்தரப் புலவரின் ஆடிக்கூழை நினைப்போர் கே. டானியலின் நாவல்களையும் அருகில் வைத்துப் படித்தல் நன்று. ஒரே பனையின் கீழ் வாழ்ந்த இரு உலகங்கள் அவை.

பஞ்ச காலங்களில் மதிப்பு வரிசை தலைகீழாயிற்று என்பது இவ்வரலாற்றின் சுவையான பகுதி. 1942இற் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு அரிசி வரவு தடைப்பட்டது. ஒடியற்பிட்டும் கூழும் பலருடைய வயிற்றைக் காத்தன. 1970களின் முற்பகுதியில் இறக்குமதிகள் சுருங்கியபோது பங்கீட்டுச் சீனியைச் சேமித்தே பலகாரம் சுட நேர்ந்தது. மிளகாயும் வெங்காயமும் பயிரிட்ட கமக்காரர் செழித்த அதே ஆண்டுகளிற் சீனி அரும்பொருளாயிருந்தது. 1978இற் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது.

இவை யாவற்றினும் கடுமையானது 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போரின் பின் வந்த காலம். பொருளாதாரத் தடையால் வடக்குக்கு வரும் பண்டங்கள் கட்டுப்படுத்தப்பட, சீனி கைக்கெட்டாத விலைக்கு ஏறியது. பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் அருந்துதல் வீடுதோறும் வழக்கமாயிற்று. முன்னர் சீனியின் வெண்மையாற் பெருமை கொண்ட வீட்டாரும் குட்டானைத் தேடிச் சென்றனர். அக்காலத்திற் பிறந்த பிள்ளைகள் கேக்கை அறியுமுன் பனங்கட்டியை அறிந்தனர். ஆனால் அதே போர் பனைகளையும் விட்டுவைக்கவில்லை; எறிகணையிற் சிதைந்தவை சில, காவலரண்களுக்காகத் தறிக்கப்பட்டவை பல. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒரே இரவிற் பெயர்ந்தபோது இடியுரலும் அரியதரத் தட்டும் வீட்டிலேயே கிடந்தன. திரும்பியோர் பலருக்கு அவை கிடைக்கவில்லை.

இன்று பலகாரம் பொதியாகிவிட்டது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் உள்ள தமிழ்க் கடைகளிற் பயற்றம் பணியாரமும் பனங்கட்டிக் குட்டானும் அடுக்கப்பட்டிருக்கின்றன. யாழ்ப்பாணத்திற் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே சுட்டு விற்று வாழ்கின்றனர். பலகாரச் சூட்டுக்குக் கூடிய அயற்பெண்களின் உழைப்புக்கு முன்னர் கூலி இல்லை; இப்போது விலை உண்டு. இம்மாற்றத்தை வீழ்ச்சியென்று புலம்புவோருடன் எனக்கு உடன்பாடில்லை. மரமேறுவோர் தொகையோ குறைந்து வருகின்றது. தந்தை ஏறிய மரத்தில் மகன் ஏற மறுப்பதற்கு, மேலே கூறிய பேணியும் சிரட்டையும் போதிய காரணங்களாகும்.

கருப்பநீர் குறைந்த இடத்தைச் சீனி மீண்டும் பிடித்துள்ளது, இம்முறை பனங்கட்டிக்குள்ளேயே. சீனி கலந்து காய்ச்சிய கட்டிகள் ஓலைக் குட்டானோடு சந்தைக்கு வருகின்றன. என் அம்மம்மா திருநெல்வேலிச் சந்தையிற் குட்டானை வாங்குமுன் மூக்கருகே பிடிப்பார்; ஓலையைச் சற்று விலக்கி நகத்தாற் சுரண்டி நாவில் வைப்பார். பின்னர் விற்பவரிடம் விலையைக் கேட்கமாட்டார். எந்த ஊர்ப் பனை, யார் காய்ச்சியது என்றே கேட்பார்.